சாளரப் பொத்தானின் ஆயுள்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், மதுரை மாட்டுத்தாவணிப் பக்கமோ அண்ணாநகர்ப் பக்கமோ இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்த மோட்டார் காரின் கதவைத் திறந்து உள்ளே அமர்கிறவர், சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் செய்கிற முதற்காரியம், வலக்கை விரல்களால் கதவோரத்துப் பொத்தான்களை அழுத்தி நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, உள்ளே அடைபட்டுக் கிடக்கும் உஷ்ணத்தை வெளியேற்றுவதேயாகும். வெளியே 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும் நாளில் மூடிக் கிடக்கும் காரின் உட்புறம் 60 டிகிரியை எளிதில் எட்டிவிடுமாதலால், இந்தக் காரியத்தை அலட்சியம் செய்ய யாராலும் இயலாது. அப்போது மூன்று கண்ணாடிகள் இறங்கிவிட, இடப்பக்கத்துப் பின்கண்ணாடி மட்டும் அசையாமல் நின்றுவிடுமானால், காருக்கு உடையவர் அந்தக் கதவினுள் இருக்கும் மோட்டார் போய்விட்டது என்றே தீர்மானித்து, புதிய மோட்டாரின் விலையை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார். இந்தத் தீர்மானம் பல சமயங்களில் அவசரத்தில் பிறந்தது. அசையாத கண்ணாடி இடப்பக்கத்துப் பின்கதவில் இருக்க, அதை அசையவொட்டாமல் தடுக்கும் பழுது வலப்பக்கத்து முன்கதவில், ஓட்டுநரின் கைக்கு அடியிலேயே இருப்பதுண்டு. அந்தப் பழுதுக்கும் மூலகாரணம் தேடிப் புறப்பட்டால், அது மின்சார சம்பந்தமே இல்லாத ரப்பரிலும் புழுதியிலும் போய் முடிவதுண்டு. பழுதான ஸ்விட்சைக் கழற்றிப் புதியதை மாட்டுவது கால் மணி நேரத்து வேலை. பழையது ஏன் மாண்டது என்று விசாரியாமல் மாட்டினால், புதியதும் அதே வழியில்தான் செல்லும்.

அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் நம் வீதிகளை ஆண்ட காலத்தில் கதவினுள் ஒரு கைப்பிடி இருந்தது, அதைச் சுழற்றினால் கண்ணாடி ஏறும், எதிர்ப்புறம் சுழற்றினால் இறங்கும், அவ்வளவே. அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனத்தார் 1940 ஆம் ஆண்டளவில் தம்முடைய உயர்விலைக் கார்களில் எண்ணெயழுத்தத்தைக் கொண்டு கண்ணாடியை ஏற்றி இறக்கிக் காட்டினர். எண்ணெய்க் குழாய்களின் தொல்லையை ஒழித்து, ஒவ்வொரு கதவினுள்ளும் ஒரு சிறு மின்மோட்டாரை வைக்கும் முறை 1950களில் அங்கே பரவிற்று. நம் நாட்டில் நெடுங்காலம் அது செல்வந்தர் காருக்குரிய அலங்காரமாகவே இருந்து, பின்னர் சாதாரணக் குடும்பத்தின் சிறு காருக்கும் வந்து சேர்ந்தது.

கண்ணாடியை உயர்த்துவதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது இங்கே பிரயோஜனமுள்ளது. முன்கதவுக் கண்ணாடியின் எடையை 3 கிலோகிராம் என்றும், அது ஏறும் உயரத்தை 40 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், புவியீர்ப்பை எதிர்த்துச் செய்ய வேண்டிய வேலை சுமார் 12 ஜூல்தான். அதை 4 வினாடியில் செய்து முடிக்க 3 வாட் சக்தி போதும். ஆனால் மோட்டாரோ 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 6 ஆம்பியர் அளவுக்கு, அதாவது 72 வாட்டுக்கு, மின்சாரத்தை உட்கொள்ளுகிறது. மூன்று வாட் வேலைக்கு எழுபத்திரண்டு வாட் கூலி! எஞ்சியது எங்கே போகிறது என்று கேட்டால், ஒரு பகுதி மோட்டாரின் சுருள்களிலேயே உஷ்ணமாகிறது. ஒரு பகுதி, மோட்டாரின் அச்சில் திருகுமரை போல் வெட்டப்பட்டு ஒரு பல்சக்கரத்தைத் தள்ளிச் செல்லும் உறுப்பின் உராய்வில் தேய்கிறது. இந்த உராய்வு வேண்டுமென்றே வைத்தது. திருகு சக்கரத்தைச் சுழற்றலாமேயன்றிச் சக்கரம் திருகைச் சுழற்ற இயலாதாகையால், திருடனொருவன் வெளியிலிருந்து கண்ணாடியைக் கையால் அமுக்கி இறக்கிவிட முடிவதில்லை. இன்னொரு பகுதியை வாங்கிக்கொள்வதோ, கண்ணாடி வழுக்கிச் செல்லும் பள்ளத்தில் பதித்திருக்கும் ரப்பர். மெக்கானிக்குகள் பீடிங் என்று சொல்வது அதைத்தான்.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் இந்த ரப்பர் படும் பாட்டைக் கார் தயாரிப்போர் தம் வரைபடங்களில் முற்றிலும் எண்ணியிருப்பார்களா என்பது என் சந்தேகம். பங்குனியிலிருந்து ஆவணி வரையில் வெயிலில் வெந்து, நெகிழ்ச்சியை இழந்து, விளிம்புகளில் வெடித்துப் போகும் அதன் மடிப்புகளில், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் புழுதியும், மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிப் பொடியும், வைகைக் கரையின் மணலும் வந்து குடியேறுகின்றன. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானதாதலால், நாளடைவில் கண்ணாடியின்மேல் செங்குத்தான கோடுகள் விழுகின்றன. அந்தக் கோடுகளைப் பார்த்தே உள்ளே உராய்வு எவ்வளவு மிகுந்துவிட்டது என்று அனுமானிக்கலாம். உராய்வு மிகுந்தால் மோட்டார் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழலும் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். இது நேர்மின்சார மோட்டாரின் சுபாவம். வேகமாகச் சுழலும்போது அது தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டு, வரும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. வேகம் குறையக் குறைய அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, முற்றிலும் நின்றுவிட்ட மோட்டார் 15 அல்லது 20 ஆம்பியரைக்கூட விழுங்கும். விழுங்கும் அவ்வளவும் அந்தச் சிறு பொத்தானின் வழியாகவே சென்றாக வேண்டும்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது மதுரையின் பழைய தொழிற்சரித்திரம் நினைவுக்கு வராமலில்லை. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911 இல் தொடங்கிய நிறுவனம் மேலவெளி வீதியில் நிலைபெற்று, பஸ்களை ஓட்டியதோடு நில்லாமல், அவற்றின் உறுப்புகளைச் செய்யவும் செப்பனிடவும் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததும், கரியை எரித்து அதில் எழும் வாயுவால் வண்டியை இயக்கும் சாதனத்தைத் தானே செய்து பொருத்தியது. அக்குழுமத்தின் ரப்பர்த் தொழிற்சாலை இன்றும் கோச்சடையில் இருக்கிறது. கார்களின் மின்சார உறுப்புகளுக்கென்றே 1961 இல் அக்குழுமம் ஆங்கிலேய லூகாஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அமைத்த தொழிற்சாலை சென்னைப் பாடியில் இருக்கிறது. பெட்ரோல் இல்லையென்றால் கரியைக் கொண்டு வா என்று சொன்ன ஊரில், இன்று ஒரு பொத்தானின் கீழே கடுகளவு கரி படிந்துவிட்டதென்று முழு ஸ்விட்ச் பலகையையும் குப்பையில் எறிகிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காலமும் கூலியும் மாறிவிட்டன. ஆனால் எறிவதற்கு முன் அதைத் திறந்து பார்க்கும் ஆவலாவது நமக்கு இருக்கலாம்.

திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இதுதான். மோட்டாருக்கு இரண்டே கம்பிகள். முதற்கம்பியில் பாட்டரியின் நேர்முனையையும் இரண்டாவதில் எர்த்தையும் சேர்த்தால் அது ஒரு திசையில் சுழலும். இரண்டையும் மாற்றிச் சேர்த்தால் மறுதிசையில் சுழலும். பொத்தானின் அடியில், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக, நடுவில் தாங்கப்பட்டு இருபுறமும் சாயக்கூடிய இரண்டு சிறு செப்புத் தகடுகள் இருக்கின்றன. விரல் படாத வேளையில் இரண்டு தகடுகளும் எர்த்தின் பக்கமே சாய்ந்திருக்கும். பொத்தானை மேலே இழுத்தால் ஒரு தகடு எர்த்தை விட்டு நேர்முனைப் பக்கம் சாயும்; மற்றது இருந்த இடத்திலேயே இருந்து, மோட்டாரைச் சுற்றி வரும் மின்சாரத்தை எர்த்துக்கு வழியனுப்பும். கீழே அழுத்தினால் இரண்டின் பாத்திரமும் மாறிவிடும். விரலை எடுத்ததும் இரு கம்பிகளும் மறுபடி எர்த்தில் ஒன்றுசேர்வதால், வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஒரு மின்னாக்கியாக மாறி, தான் உண்டாக்கிய மின்சாரத்தாலேயே தன்னைத் தடுத்து நிறுத்திக்கொள்ளுகிறது. கண்ணாடி விரலெடுத்த இடத்திலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, சும்மா இருப்பதாகத் தோன்றும் தகடும் வேலை செய்கிறது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொன்ன இடப்பக்கத்துப் பின்கண்ணாடியின் புதிர் அவிழ்ந்துவிடும். பின்னிருக்கையில் அமர்கிறவருக்கென்று அந்தக் கதவில் தனியாக ஒரு பொத்தான் உண்டு. ஓட்டுநரும் அதே கண்ணாடியைத் தம் இடத்திலிருந்து இயக்க வேண்டும். இரண்டு பொத்தான்களும் ஒரே மோட்டாரைச் சண்டையில்லாமல் ஆள்வதற்காக, பழைய மரபைப் பின்பற்றும் கார்களில், பின்கதவுப் பொத்தானின் இரு தகடுகளும் நேரே எர்த்துக்குப் போவதில்லை; நீண்ட இரு கம்பிகளின் வழியாக ஓட்டுநர் கதவின் பலகைக்கு வந்து, அங்கே ஓய்வாகச் சாய்ந்திருக்கும் தகடுகளின் வழியாகத்தான் எர்த்தை அடைகின்றன. பின்னிருக்கைக் குழந்தை தன் பொத்தானை அழுத்தும்போதும், அந்த மின்சாரம் காரின் நீளத்தைக் கடந்து, ஓட்டுநரின் பலகையில் யாரும் தொடாத ஒரு முனையைத் தொட்டுத்தான் திரும்புகிறது. அந்த முனையில் களிம்பேறிவிட்டால், நல்ல மோட்டாரும் நல்ல பொத்தானும் இருந்தும் பின்கண்ணாடி அசையாது. ஓட்டுநர் பலகையை மெயின் ஸ்விட்ச் என்று எலக்ட்ரீஷியன்கள் அழைப்பதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது! குழந்தைகள் கண்ணாடியோடு விளையாடாதபடி தடுக்கும் பூட்டுப் பொத்தானும் இந்தப் பாதையைத்தான் துண்டிக்கிறது. அது தவறுதலாக அழுந்திக் கிடப்பதை அறியாமல் கடைக்குக் கொண்டுவரப்படும் கார்களும் உண்டு.

இனி அந்த முனைகளின் மீது சற்று நேரம் தங்குவோம்; விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று நாம் சொல்லும்போது, அவற்றின் பரப்பு முழுவதும் ஒட்டிக்கொள்வதாக எண்ணுகிறோம். மேற்கேயுள்ள நாகமலையைப் பெயர்த்தெடுத்து, தலைகீழாக, ஒத்தக்கடை யானைமலையின்மேல் கவிழ்த்து வைத்தால் எத்தனை இடங்களில் பாறையோடு பாறை படும்? எண்ணிச் சொல்லக்கூடிய சில சிகரங்களில் மட்டுமே. மெருகிட்ட உலோகமும் நுண்ணளவில் மலைத்தொடரேயாகும். மின்முனைகளின் இயலைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ஸ்வீடன் நாட்டுப் பௌதிகர் ராக்னர் ஹோல்ம் இதை விரிவாக நிறுவினார்: உண்மையான தொடுபரப்பு, முனைகளின் அகலத்தைப் பொறுத்ததன்று, அவற்றை அழுத்தும் விசையையும் உலோகத்தின் கடினத்தையும் பொறுத்தது. செப்புத் தகடுகளின் முனைகளில் படிந்திருக்கும் வெள்ளி மென்மையான உலோகந்தான். ஆயினும் 100 கிராம் எடைக்குச் சமமான விசையால் இரு வெள்ளி முனைகளை அழுத்தினால், மெய்யாகத் தொடுவது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். மோட்டாரின் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிகரங்களின் வழியாகக் குறுகி நெருக்கிக்கொண்டு கடக்க வேண்டும்.

சிகரங்கள் சுத்தமாக இருக்கும்வரையில் அந்த இடத்தின் மின்தடை ஓர் ஓமின் ஆயிரத்தில் சில பங்குகளே. அதனால் ஒரு தீங்கும் இல்லை. அது ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்காக உயர்ந்துவிட்டால், 10 ஆம்பியர் ஓடும்போது மோட்டாருக்குச் சேர வேண்டிய 12 வோல்ட்டில் 1 வோல்ட் அங்கேயே தொலைந்துபோவதோடு, 10 வாட் உஷ்ணம் ஊசிமுனையளவு இடத்தில் பிறக்கிறது. உஷ்ணம் செப்பை ஆக்ஸைடாக்கும்; ஆக்ஸைடு மின்தடையைப் பெருக்கும்; பெருகிய மின்தடை உஷ்ணத்தை மேலும் பெருக்கும். இந்த விஷ வட்டத்தில் கடைசியாக உருகுவது தகட்டைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக். பொத்தானை அழுத்தியதும் மெல்லிய தீய்ந்த வாடை வருகிறதென்றால், கதை இந்த அத்தியாயத்தை எட்டிவிட்டது என்று அறிக.

மின்சாரம் ஓடும்போது நேரும் தீங்கு இது. அதை அறுக்கும்போது நேர்வது இன்னும் கொடியது. முனைகள் பிரியும் கணத்தில் மோட்டாரின் சுருள் தன் மின்னோட்டத்தை விட்டுக்கொடுக்க மறுத்து மின்னழுத்தத்தை எழுப்ப, இடைவெளியில் ஒரு சிறு மின்வில் பற்றிக்கொள்ளுகிறது. வீட்டு ஸ்விட்சிலும் இது நேரும். ஆனால் வீட்டுக்கு வரும் மாறுமின்சாரம் ஒரு வினாடியில் 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுச் செல்வதால், வில் தானே அணைந்துவிடும். காரின் நேர்மின்சாரத்திற்கு அந்தக் கருணை கிடையாது. வெள்ளி முனைகளுக்கிடையே வில் நிலைத்து நிற்கக் குறைந்தபட்சம் ஏறத்தாழ 12 வோல்ட்டும், 0.4 ஆம்பியரும் தேவை என்பது ஹோல்ம் போன்றோரின் அளவீடு. எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தமோ 14 வோல்ட்டை ஒட்டியிருக்கும். வரம்பை மயிரிழையில் தாண்டி நிற்கும் இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு முறை விரலெடுக்கும்போதும் ஒரு பொறி எழுந்து, 962 டிகிரியில் உருகும் வெள்ளியைத் துளித்துளியாக ஒரு முனையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கிறது. ஒருபுறம் குழியும் மறுபுறம் கூம்பும் உண்டாகின்றன. கண்ணாடி உச்சியில் முட்டிய பின்னும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பவர், நின்றுபோன மோட்டாரின் 20 ஆம்பியரை அறுக்கும் வேலையைத் தம் ஸ்விட்சுக்குக் கொடுக்கிறார். புழுதியால் இறுகிய ரப்பர் செய்வதும் இதையேதான். ஓட்டுநர் பொத்தானுக்கு இந்தத் துன்பம் மற்றவற்றைவிட அதிகம். ஃபாஸ்டேக் வந்தபின் கப்பலூர்ச் சுங்கச்சாவடியில் கண்ணாடியை இறக்கும் அவசியம் போய்விட்டாலும், வழி கேட்கவும், பூ வாங்கவும், வாகன நிறுத்தத்துச் சீட்டுப் பெறவும் அது ஓயாமல் உழைக்கிறது.

முனைகளுக்கு ஏன் வெள்ளியைத் தேர்ந்தார்கள் என்றால், உலோகங்கள் யாவற்றிலும் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது அதுவே. அதற்குள்ள பெரும்பகை கந்தகம். பெண்குழந்தையின் கொலுசு கறுத்துப்போவது எந்த வேதிவினையாலோ, சாக்கடை வாயுவிலும் சேற்று வயலின் காற்றிலும் உள்ள ஹைட்ரஜன் ஸல்பைடு அதே வினையால்தான் ஸ்விட்சின் முனைகளையும் கறுக்கச் செய்கிறது. உலோகத்தின் இத்தகைய நோய்களை ஆராய்வதற்கென்றே மதுரைக்கு வடகிழக்கே காரைக்குடியில் ஒரு தேசிய ஸ்தாபனம் உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளிக்க, 1948 ஜூலையில் ஜவஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அரிமானமும் உலோகப் பூச்சும் அதன் பழைய பாடங்கள். ஆனால் மதுரைக் காரின் ஸ்விட்சில் வெறுங்காற்று செய்யும் தீங்கைவிட நீர் செய்வது பெரிது. ஐப்பசி மழையில் ஓட்டுநர் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், கூரையிலிருந்து வழியும் நீர் பொத்தான்களின்மேல் சொட்டுகிறது. அதோடு நம் ஊருக்கே உரிய ஒரு தனி அபாயம், கையிலிருந்து சிந்தும் ஜிகர்தண்டா. அதிலுள்ள சர்க்கரை தானாக மின்சாரத்தைக் கடத்தாது; ஆனால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துவைத்துக்கொண்டு, தூசியை ஒட்டவைத்து, தகட்டின் அசைவையே பிசுபிசுக்கச் செய்துவிடும்.

அதே பலகையில், அல்லது அதற்குச் சற்று முன்னால், வெளிப்புறப் பின்நோக்கு ஆடிகளைத் திருப்புவதற்கென்று ஒரு சிறு குமிழ் இருக்கிறது. ஒவ்வோர் ஆடியின் பின்னும் இரண்டு குறுமோட்டார்கள். ஒன்று மேலும் கீழும், மற்றது இடமும் வலமும் சாய்க்கும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கம்பி வைத்து, மூன்றே கம்பிகளில் நான்கு திசைகளையும் அடக்கிவிடுகிறார்கள். இந்த மோட்டார்கள் இழுப்பது ஓர் ஆம்பியரில் சிறு பங்குதான். முன்சொன்ன 0.4 ஆம்பியர் வரம்புக்குக் கீழே இருப்பதால் இங்கே வில் எழுவதில்லை. முனைகள் எரிவதும் இல்லை. எனினும் இவையும் பழுதாகின்றன, முற்றிலும் எதிரான காரணத்தால். சாளர ஸ்விட்சில் வில் எழும்போது மேலே படிந்த மெல்லிய களிம்பையும் அது சுட்டுப் போக்கிவிடுகிறது. ஆடி ஸ்விட்சில் அந்தச் சுத்திகரிப்பு நடைபெறுவதே இல்லை. ஒருவரே ஓட்டும் காரில் ஆடியை ஒரு தரம் சரிசெய்து வைத்துவிட்டால் மாதக்கணக்கில் அந்தக் குமிழை யாரும் தொடுவதில்லை. கறுப்பும் காய்ந்த கிரீஸும் நிதானமாக வளர்ந்து வழியை அடைத்துவிடுகின்றன. மிதமிஞ்சிய உழைப்பால் ஒன்றும், உழைப்பே இல்லாமல் மற்றொன்றும் மாள்கின்றன. ஆகையால் ஆடி திரும்பவில்லையென்றால் முதலில் குமிழை எல்லாத் திசைகளிலும் பலமுறை அசைத்துப் பார்ப்பது வீண்வேலையன்று. முனைகள் ஒன்றையொன்று உரசித் துடைத்துக்கொண்டு உயிர்பெறுவது அடிக்கடி நிகழ்வது. இடம் வலம் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் நடுநிலையில் இருந்தால் ஆடி அசையவே அசையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தபின், கருவியைக் கையிலெடுக்கு முன்பே அறிவால் பெரும்பகுதி விசாரணையை முடித்துவிடலாம். எஞ்சினை நிறுத்தி, உட்கூரை விளக்கை ஏற்றி, சாவியைத் திருப்பிவைத்துப் பொத்தானை அழுத்துக. விளக்கு சற்று மங்கினால் மின்சாரம் ஓடுகிறது. தடை கண்ணாடியின் பாதையிலோ மோட்டாரிலோ, கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரிலோ இருக்கிறது. மங்கவே இல்லையென்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. கண்ணாடி இறங்குகிறது, ஏறமாட்டேன் என்கிறது; இது மிகவும் சாதாரணமான முறையீடு. ஏறவும் இறங்கவும் அதே சுருள், அதே இரு கம்பிகள் என்பதை மேலே கண்டோம்; மோட்டார் எரிந்திருந்தாலும் அதன் கம்பி அறுந்திருந்தாலும் இரு திசையும் போயிருக்க வேண்டும். ஒரு திசை மட்டும் போயிற்றென்றால், குற்றம் ஸ்விட்சின் தகடுகளில்தான் என்று, அல்லது பின்கதவாயின் அதற்கும் ஓட்டுநர் பலகைக்கும் இடையிலுள்ள பாதையில்தான் என்று, அநேகமாகச் சத்தியம் செய்யலாம். ஏறுவதற்கு முனகி மெதுவாக ஏறுகிறதென்றால் அது வேறு. அது ரப்பரின் வேலை. பீடிங்கைத் துடைத்துச் சிலிகோன் தெளிப்பு இட்டாலே பல கண்ணாடிகள் இளமை பெறுகின்றன. குழந்தைகள் பத்து நிமிஷம் விளையாடிய பின் நின்றுபோன கண்ணாடிக்கு மருத்துவமே வேண்டாம். மோட்டாரினுள் உள்ள உஷ்ணக் காப்பு மின்சாரத்தைத் தானே துண்டித்திருக்கிறது, ஆறியதும் தானே சேர்க்கும்.

இன்னொரு சந்தேக நபரையும் விட்டுவிடலாகாது. கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே, கீலின் பக்கத்தில், மடிப்பு மடிப்பான ரப்பர் உறைக்குள் கம்பிக்கட்டு செல்கிறது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்த செப்பு உள்ளே நைந்து அறுந்திருக்கும், மேலுறையோ முழுதாகவே இருக்கும். பொத்தானை அழுத்தியபடியே கதவை மெல்லத் திறந்து மூடும்போது கண்ணாடி விட்டுவிட்டு அசைந்தால், புதிய ஸ்விட்ச் வாங்கிப் பயனில்லை.

ஸ்விட்சே குற்றவாளி என்று உறுதிப்பட்டபின் செய்ய வேண்டியது எளிது. பாட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். பலகை பெரும்பாலும் கதவின் கைத்தாங்கியில் கொக்கிகளால் பிடிக்கப்பட்டிருக்கும். பின்முனையில் துணி சுற்றிய தட்டையான கருவியொன்றைச் செருகி நெம்பினால் மேலே வரும். சில கார்களில் கைப்பிடியின் குழிக்குள் சிறு மூடிக்கு அடியில் திருகாணி மறைந்திருக்கும். அதைக் காணாமல் இழுத்துப் பிளாஸ்டிக்கை உடைத்துக்கொள்கிறவர் பலர். அடியில் மாட்டியிருக்கும் கப்ளரை அதன் பூட்டு நாக்கை அமுக்கியே கழற்ற வேண்டும், கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. கப்ளரின் முனைகள் பழுப்பேறியோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அதையும் மாற்றாமல் புதிய ஸ்விட்சை மாட்டுவது வீண். பாட்டரியை மீண்டும் இணைத்து, கப்ளரில் மின்சாரம் வந்து சேர்கிறதா என்று சோதிக்கும்போது, மல்டிமீட்டரை மட்டும் நம்பாமல், சிறு பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்ப்பது மேல். அளவுகருவி இழுக்கும் மின்னோட்டம் அற்பமாகையால், நூலிழையில் தொங்கும் கம்பியும் அதனிடம் 12 வோல்ட் என்று பொய் சொல்லும். பல்பு அதை உடனே வெளிப்படுத்திவிடும்.

பழையதையே திறந்து செப்பனிட விரும்புகிறவர் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்துத் திறக்கட்டும். உள்ளிருக்கும் நுண்ணிய சுருள்வில்லும் குண்டும் துள்ளி ஓடுவதில் சமர்த்தானவை. ஆடி ஸ்விட்சின் களிம்புக்கும் ஜிகர்தண்டாவின் பிசுக்குக்கும் ஐஸோப்ரொப்பைல் ஆல்கஹாலோ கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரோ போதும். உப்புத்தாளால் தேய்ப்பது தகாது. மேலேயுள்ள வெள்ளிப் படலம் மெல்லியது, அது போனால் அடியிலுள்ள செப்பு சில நாளில் மறுபடி கறுக்கும். குழி விழுந்து கூம்பு வளர்ந்த சாளர முனைகளுக்குச் சுத்தம் செய்வதால் கிடைப்பது தவணை மட்டுமே. அங்கே மாற்றுவதுதான் முறை. புதிய பலகையை வாங்கும்போது, உருவ ஒற்றுமையைப் பார்த்து ஏமாறாமல், பழையதன் முதுகிலுள்ள உறுப்பு எண்ணையும் கப்ளர் முனைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஒரே காரின் வெவ்வேறு ரகங்களுக்கு வெளியே ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் பலகைகள் வருகின்றன. கொக்கியில் அமுக்குவதற்கு முன்பே எல்லாக் கண்ணாடிகளையும், இரு ஆடிகளின் நான்கு திசைகளையும் இயக்கிப் பார்த்துவிடுவது, இரண்டாம் தரம் நெம்பும் சிரமத்தைத் தவிர்க்கும்.

அண்மைக் காலத்துக் கார்களில் நான் சொன்ன பாதையே மாறிவிட்டது. பொத்தான் மோட்டாரின் மின்சாரத்தைச் சுமப்பதில்லை. கதவினுள் இருக்கும் சிறு கணினிக்குச் சமிக்ஞை மட்டும் அனுப்புகிறது, பெரிய மின்னோட்டத்தைக் கணினியே ஆள்கிறது. கண்ணாடி ஏறும்போது கையோ கழுத்தோ இடையில் அகப்பட்டால், மோட்டாரின் வேகம் திடீரெனக் குறைவதைக் கண்டு அதைத் திருப்பி இறக்கும் அறிவும் இதனால் வந்தது. அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் இதற்கு வைத்திருக்கும் வரம்பு 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடை அழுத்துமளவு. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் குழந்தையின் முழங்கால் பட்டுக் கண்ணாடி ஏறிவிடும் விபத்துகளைக் கண்டு, பொத்தானில் தற்செயலாக ஏதேனும் பட்டால் கண்ணாடி ஏறலாகாது என்று 2004 இல் அமெரிக்காவில் விதி பிறந்தது; ஏற்றுவதற்குப் பொத்தானை மேலே இழுக்கவே வேண்டும் என்பது அதன்பின் வந்தது. இன்று நம் ஊர்க் கார்களிலும் பொத்தானின் முன்விளிம்பை விரலால் தூக்க வேண்டியிருப்பது அந்த ஞானத்தின் பலனே. பழைய வகைப் பொத்தானுள்ள கார் வைத்திருப்போர், குழந்தைகளை விட்டு இறங்கும்போது சாவியையும் எடுத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

இத்தகைய புதிய கார்களில் பாட்டரியைக் கழற்றி மாட்டியபின் கண்ணாடியின் உச்சி எது, அடி எது என்பதைக் கணினி மறந்துவிடுவதுண்டு. ஒரே இழுப்பில் தானாக ஏறும் வசதி அப்போது வேலை செய்யாது. பெரும்பாலான கார்களில் கண்ணாடியை முற்றிலும் இறக்கி, பின் உச்சிவரை ஏற்றி, முட்டிய பின்னும் ஓரிரு வினாடி பொத்தானைப் பிடித்தவாறே இருந்தால் அது கற்றுக்கொள்ளும். சரியான முறை காரோடு வந்த கைப்புத்தகத்தில் இருக்கும். கற்றுக்கொண்டதா என்பதை, ஏறும் கண்ணாடிக்கு இடையே கைக்குப் பதிலாக ஒரு சுருட்டிய துண்டை வைத்துச் சோதிக்கலாம். துண்டைத் தொட்டதும் கண்ணாடி திரும்பி இறங்கினால் வேலை முடிந்தது.